‘நிஜமாக’ என்று சேர்க்காதவரை

மார்ச் 4, திங்கள்

காலையில் ஒரு தவறு செய்தேன். தவறு என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. ஒருவருடைய கடிதத்தைத் தீர்த்துக்கட்டிவிட்டேன்.

வானிலை அலுவலகத்தில் ஓய்வுபெற்ற எங்கள் சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலுக்கு வரும் கடிதங்களில் அளவில் பெரியவையும், அறியாத முகவரியிலிருந்து வருபவையும் நேராக உறுப்பினர்களுக்குப் போகாமல் ஒரு வரிசையில் நின்றுவிடும். நிர்வாகியான நான் வலைப்பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றாகப் படித்து, ‘விடு’ அல்லது ‘தள்ளு’ என்று குறியிட வேண்டும். கடைசியில் ‘சமர்ப்பி’ என்று ஒரு பொத்தான். அதற்குப் பக்கத்திலேயே, விரல் அகல இடைவெளிகூட இல்லாமல், ‘அனைத்தையும் தள்ளு’ என்று இன்னொரு பொத்தான். அடுப்புக்கு அருகில் பெட்ரோல் டப்பாவை வைத்ததுபோல. அந்தப் பக்கத்தை வடிவமைத்தவருக்கு வயதான விரல்களோடு பழக்கமில்லை.

இன்று தள்ளப்பட்டவர்கள்: தன் சொத்தையெல்லாம் எனக்கு எழுதிவைக்கத் துடிக்கும் ஒரு வெளிநாட்டு விதவை, முடி வளரத் தைலம் விற்பவர், பலூன் பிரிவில் இருந்த நண்பர். நண்பர் தன் முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

“அதனால என்ன, மறுபடி எழுதிட்டாப் போச்சு” என்றார்.

எழுதிவிட்டார். முதலில் எழுதியதைப் போல இரண்டு மடங்கு. எலும்பை அறுக்கும் பகுதி விரிவாக்கப்பட்டிருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் பேர் சாப்பாட்டுக்கு முன் அதைப் படித்திருப்பார்கள். எல்லாம் என் ஒரு விரலால்.

மார்ச் 6, புதன்

முடிவு செய்துவிட்டேன். (செய்துவிட்டேனா? எழுதிவைத்தால் செய்ததுபோல ஆகும் என்று ஒரு நம்பிக்கை.)

அந்த வலைப்பக்கம் வேண்டாம். பட்டியல் மென்பொருளுக்கு ஒரு பின்வாசல் இருக்கிறது. நிரல் எழுதி அதனிடம் நேரடியாகக் கேட்கலாம், சொல்லலாம். பொத்தான் இல்லை, சுட்டி இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். வானிலை அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் நான் வாழ்ந்ததே அந்தக் கறுப்புத் திரையில்தான். மழையைப் பார்க்க மற்றவர்கள் வெளியே போவார்கள். நான் அதைக் கூட்டிக் கழித்துச் சராசரி எடுப்பேன், நனைந்ததில்லை.

மனைவியிடம் சொன்னேன்.

“யாருக்குக் கட்டளை போடப் போறீங்க?”

“சர்வருக்கு.”

“நல்லது. பால்காரருக்கு நாளைக்கு வேண்டாம்னு சொல்லவே என்னை அனுப்புவீங்க. முதல்ல அதுகிட்டப் பழகிக்கங்க.”

மார்ச் 9, சனி

மூன்று நாளாகச் சொற்களோடு மல்லுக்கட்டு. சேர், நீக்கு, காட்டு, விடு, தள்ளு. ஐந்து வினை போதும். எதை முன்னால் வைப்பது என்பதுதான் கேள்வி. உலகத்துக் கருவிகள் எல்லாம் வினையை முன்னால் வைக்கின்றன. ஆனால் நாம் ‘நீக்கு இன்னாரை’ என்றா பேசுகிறோம்? இன்னாரைச் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு வாங்கிவிட்டு, அப்புறம்தானே நீக்குகிறோம்? வினை கடைசியில் வரட்டும். மனம் மாறுவதற்கு நடுவில் ஓர் இடைவெளி கிடைக்கும்.

இன்னொரு தொல்லை. உறுப்பினர்களைக் கட்டம் போட்டு அழகாகக் காட்ட ஆசைப்பட்டேன். திரை ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்கு வைத்திருக்கிறது. நம் எழுத்தின் கொம்பும் காலும் அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. வலதுபக்கக் கோடு குடித்துவிட்டு நடப்பவனைப் போல வருகிறது. மத்தியானம் முழுவதும் அதை நிமிர்த்தப் பார்த்தேன். கடைசியில் கோடே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அதிலிருந்து நிம்மதி.

மார்ச் 12, செவ்வாய்

முதல் சோதனை. ‘வீட்டார்’ என்று ஒரு பொய்ப்பட்டியல் வைத்தேன். அதில் நான், மனைவி, மகள், மச்சினன். மனைவியை உட்காரவைத்து, “யாரையாவது நீக்கிப் பார்” என்றேன். யோசிக்கவே இல்லை. ‘இவரு நீக்கு’ என்று தட்டினாள்.

‘இவரு என்று ஒருவரும் இல்லை’ என்றது திரை.

“இல்லையாமே. எனக்கும் பல நாள் அந்தச் சந்தேகம் உண்டு” என்றாள்.

“என் பேரைப் போடணும்.”

“இத்தனை வருஷமா பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீக்கறதுக்காகவா முதல் தடவை சொல்லணும்?”

நியாயமான குறை. கருவியில் செல்லப்பெயர் வசதி ஒன்று சேர்த்தேன். ஒரு சின்னக் கோப்பில் யாருக்கு என்ன பெயர் என்று எழுதிவைத்தால் போதும். முழு முகவரி தட்ட வேண்டாம். ‘இவரு’ என்றால் நான். ‘முழங்கால்’ என்றால் பலூன் நண்பர். ‘தம்பி’ என்றால் மச்சினன். ‘புயல்’ என்றால் சங்கச் செயலாளர்.

செயலாளரை எல்லாரும் முதுகுக்குப் பின்னால் ‘புயல்’ என்போம். அவர் எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த காலத்தில் ஒரு பெரும்புயலை அறிவித்தார். துறைமுகம் மூடப்பட்டது, பள்ளிகளுக்கு விடுமுறை. அன்று அடித்த வெயிலில் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. பெயருக்குக் காரணம் தெரியாதவர் இந்த ஊரில் ஒருவர்தான். அவரிடம் யார் போய்ச் சொல்வது?

கோப்பு என் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். யாருக்கும் தெரியாது.

மார்ச் 15, வெள்ளி

மகள் போன் செய்தாள். அவளும் மென்பொருள் எழுதுகிறவள். என்னைப்போல் பயந்து பயந்து அல்ல. கருவியை அவளுக்கு அனுப்பியிருந்தேன்.

“அப்பா, ‘நீக்கு’ன்னு அடிச்சேன். நீக்கவே இல்லை.”

“அது ஒத்திகைம்மா. என்ன நடக்கும்னு முதல்ல காட்டும். நடத்தணும்னா ‘நிஜமாக நீக்கு’ன்னு அடிக்கணும்.”

“உலகத்துல எல்லாக் கருவியும் சொன்னதைச் செய்யும். ஒத்திகை வேணும்கறவன்தான் தனியா கேட்பான். நீங்க தலைகீழா வெச்சிருக்கீங்க.”

“தப்பா?”

“தப்பில்லை. ஆனா அச்சு அசல் நீங்கதான். அப்புறம், ‘இது ஒத்திகை, எதுவும் நடக்கவில்லை’ன்னு கடைசி வரி வருதே, அதை ஏன் வெளிர்சாம்பல்ல போட்டிருக்கீங்க? கறுப்புல கண்ணுக்கே தெரியலை.”

“சிவப்புல போட்டா திட்டற மாதிரி இருக்குமேன்னு...”

அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. வைத்த பிறகு மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். சாம்பலைக் கொஞ்சம் கூட்டினேன். பிறகு, பார்க்கிறவர் முகம் சுளிப்பாரோ என்று பழையபடியே வைத்துவிட்டேன்.

மார்ச் 16, சனி

கையேடு எழுதத் தொடங்கினேன். முன்னுரையே நான்கு பக்கம் வந்துவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

எங்கள் பட்டியலை வெளியாள் படித்தால் சிரிப்பான். வேலை எங்களை விட்டது, நாங்கள் அதை விடவில்லை. ஆளுக்கொரு மழைமானி வீட்டில். தினமும் காலையில் எத்தனை மில்லிமீட்டர் என்று பட்டியலுக்கு எழுத வேண்டும். எழுதாதவர் இறந்துவிட்டாரா என்று மறுநாளே விசாரணை வரும்.

மச்சினனும் எங்கள் அலுவலகத்தில் இருந்தவன்தான். இன்று அவன் எழுதியது: ‘எங்கள் வீட்டில் மழை பூஜ்யம். பக்கத்துத் தெருவில் பூஜ்யம். ஊர் முழுக்கப் பூஜ்யம். செயலாளர் வீட்டில் மட்டும் ஆறு மில்லிமீட்டர். இந்த மாதம் இது ஒன்பதாம் முறை. மேகத்துக்கு அவர் வீட்டில் கைமாற்று பாக்கி ஏதும் இருக்கிறதா, அல்லது மழைமானி ஏசிக் குழாய்க்கு அடியில் இருக்கிறதா?’

தேவையா இவனுக்கு? உண்மைதான். அதனால்தான் தேவையா என்று கேட்கிறேன்.

மார்ச் 22, வெள்ளி

செயலாளர் போன்.

“யோவ், உன் மச்சினன் என்னய்யா நெனச்சுட்டிருக்கான்?”

“அவன் விளையாட்டா...”

“மழையில விளையாட்டா? தூக்கிடு அவனை.”

“எதிலேருந்து சார்?”

“பட்டியல்லேருந்துதான்யா. பின்ன, உலகத்துலேருந்தா?”

“யோசிக்கிறேன் சார்.”

இதுதான் நான். ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘யோசிக்கிறேன் சார்’. வேலையில் சேர்ந்த நாளில் தொடங்கிய வாக்கியம், இன்னும் ஓய்வுபெறவில்லை.

அடுத்த மாதம் செயலாளர் தேர்தல். ஓட்டு மின்னஞ்சலில். தேர்தல் நாளில் பட்டியலில் இருப்பவருக்கே ஓட்டு, அவருக்கே போட்டியிடும் உரிமை. மச்சினன் நிற்கப்போவதாக ஒரு பேச்சு.

மார்ச் 23, சனி

மனைவி எப்படியோ தெரிந்துகொண்டாள். போனில் செயலாளர் பேசினால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

“என் தம்பியை நீக்கப்போறீங்களாமே.”

“யோசிக்கிறேன்னுதான் சொன்னேன்.”

“நானும் யோசிக்கிறேன். ராத்திரிக்கு யாருக்கெல்லாம் சமைக்கறதுன்னு.”

கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, விளையாட்டு இல்லாத குரலில் சொன்னாள்: “தனியா இருக்கான். காலையில எழுந்து அந்தக் குடுவையைப் பாத்து நாலு வரி எழுதினாத்தான் அவனுக்குப் பொழுது விடியுது. அதையும் பிடுங்கிட்டா என்ன பண்ணுவான்?”

அவள் சொன்னது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 25, திங்கள்

விபரீதம். கருவி பற்றிப் பலூன் நண்பர் செயலாளரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். “எனக்கும் போட்டுக் குடுய்யா” என்று அழைப்பு. பட்டியலுக்கு நிர்வாகிகள் இருவர்: நானும் அவரும். எப்படி மறுப்பது? போனேன்.

அவர் அறையில் சுவர் நிறையச் சான்றிதழ்கள். ஜன்னலுக்கு வெளியே மழைமானி. மேலே பார்த்தேன். பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டேன்.

கருவியை ஏற்றிக்கொடுத்து, கையேட்டை நீட்டி, ஒத்திகையைப் பற்றி விளக்கத் தொடங்கினேன்.

“சார், இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, கட்டளை போட்டா உடனே...”

“கட்டளை போட எனக்கு நீ சொல்லித்தரணுமா?”

“இல்லை சார். ‘நிஜமாக’ன்னு ஒரு சொல்லு...”

“நான் எப்பய்யா பொய்யா போட்டேன்?”

சோதனைக்கு எதையோ தட்டினார். தட்டிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். திரையில் என்ன வந்தது என்று பார்க்கவில்லை. அலுவலகத்திலும் அப்படித்தான், உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் காகிதம் அவர் பார்வையிலிருந்து மறைந்துவிட வேண்டும். மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வெளிர்சாம்பல் வரி அவருடைய முதுகைப் பார்த்துக் கொஞ்ச நேரம் மின்னியது.

கிளம்பும்போது கையேட்டின் மேல் காபிக் கோப்பை ஏறியிருந்தது.

மார்ச் 26, செவ்வாய்

பல் துலக்கும்போது நினைவுக்கு வந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

நேற்று கருவியை ஏற்றும்போது என் கோப்புகளை மொத்தமாகத்தான் நகலெடுத்தேன். செல்லப்பெயர்க் கோப்பும் அதற்குள் இருக்கிறது. ‘புயல்’ என்று எழுதி, அதற்கெதிரே அவருடைய முகவரி.

முறையானவன் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொள்வேனே. எங்கே போச்சு அந்த முறையெல்லாம்? இப்ப என்ன பண்றது? போய் அழிச்சுட்டு வரலாமா? எதுக்கு வந்தேன்னு கேட்டா? ‘யோசிக்கிறேன் சார்’னா?

மனைவியிடம் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

மார்ச் 28, வியாழன்

போன் வந்தது. செயலாளர் பெயரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன்.

“யோவ். இதுல புயல்னு யாருய்யா?”

“எது சார்?”

“என் முகவரி போட்டிருக்கு எதிர்ல.”

“சார், அது வந்து...”

“நீ வெச்ச பேரா?”

“எல்லாரும்...” என்று தொடங்கி விழுங்கினேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்களா?” குரல் திடீரென்று கனிந்துவிட்டது. “முகத்துக்கு நேரா ஒருத்தனும் சொன்னதில்லையே. நல்லா இருக்குய்யா. பொருத்தமா இருக்கு. அப்படியே இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்பித்தேன் என்று மகிழ்வதா, ஒரு மனிதரை இப்படி விட்டுவைத்திருக்கிறோமே என்று வருந்துவதா?

மகிழ்ந்தேன். அதை இங்கேயாவது எழுதலாம்.

மார்ச் 31, ஞாயிறு

மச்சினன் வேட்புமனுவை அனுப்பிவிட்டான். ஒரே வாக்கியம்: ‘நான் செயலாளரானால் எல்லா மழைமானிகளும் திறந்த வெளியில் நிற்கும்.’ ஆதரிக்கிறோம் என்று பதினொரு பேர் எழுதிவிட்டார்கள். முழங்காலும் அதில் ஒருவர், விரிவாக.

ஏப்ரல் 2, செவ்வாய்

“முடிச்சுட்டேன்யா” என்றார் செயலாளர்.

“எதை சார்?”

“நீ யோசிச்சுக்கிட்டே இரு. நானே தூக்கிட்டேன். அவனையும், அவனுக்கு ஜால்ரா போட்ட பதினொண்ணையும். வரிசையா பேரைப் போட்டு ஒரே தட்டு. உன் கருவி அருமை.”

கறுப்புத் திரையைத் திறந்தேன். ‘உறுப்பினர் காட்டு’ என்று தட்டுவதற்குள் இரண்டு முறை பிழை.

மொத்தம் 214. முந்தாநாளும் 214.

தம்பி இருக்கிறான். முழங்கால் இருக்கிறார். பன்னிரண்டு பேரும் சொகுசாக இருக்கிறார்கள். செயலாளர் நடத்தியது ஒத்திகை. ‘நிஜமாக’ என்று சேர்க்கவில்லை. சேர்க்கவில்லை என்று திரை சொன்னதைப் பார்க்கவும் இல்லை. அதற்குள் நாற்காலியைத் தள்ளியிருப்பார்.

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சொல்ல வேண்டாமா? இருவர் நிர்வாகிகள், ஒருவர் தவறாக நினைத்துக்கொண்டிருந்தால் மற்றவர் திருத்த வேண்டும். இதைச் சங்க விதிகளில் எழுதியவனே நான்தான். சொன்னால், “அப்படியா” என்று கேட்டு, அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு எழுந்துவிடுவார். நாளைக் காலை மச்சினன் குடுவையைப் பார்த்துவிட்டு எழுதுவான். கடிதம் எங்கும் போகாது.

சொல்லாவிட்டால்?

கையேட்டில் இருக்கிறது. ஏழாம் பக்கம், தடித்த எழுத்தில். அதற்கு மேல்தான் கோப்பை.

ஏப்ரல் 3, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பின்னால் யாராவது கேட்டால் எனக்கே பதில் வேண்டும்.

காலையில் வரிசையின் கடைசியில் ஒரு கடிதம் நின்றுகொண்டிருந்தது. எண் 7. அனுப்பியவர் செயலாளர். ஒரு பெரிய புகைப்படத்தை இணைத்திருந்ததால் அளவு மீறி நின்றுவிட்டது. திறந்து படித்தேன்.

‘அன்புத் தோழர்களே, களை எடுத்தாயிற்று. பன்னிரண்டு பேரை நீக்கிவிட்டேன். இனி இங்கே நாம் மட்டும்தான், மனம்விட்டுப் பேசலாம்.’ அதற்குப் பிறகு மனம்விட்டுப் பேசியிருந்தார். பன்னிருவரையும் ஒவ்வொருவராக. முழங்காலைப் பற்றி எழுதியிருப்பதை இங்கே எழுத மாட்டேன். மச்சினனைப் பற்றி: ‘வீட்டில் பேச ஆளில்லாததால் நம்மிடம் வந்து பேசிக்கொண்டிருந்தவர்.’ இறுதியில், தன் மழைமானி வெட்டவெளியில்தான் இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகப் புகைப்படம். ‘இப்படிக்கு, நீங்கள் அன்போடு அழைக்கும் புயல்.’

அந்த மச்சினன் வரியை மட்டும் மறுபடி படித்தேன். அப்போது போன்.

“என் லெட்டர் நிக்குதுய்யா. மூணு தடவை விடு, விடுன்னு அடிச்சுட்டேன். அசைய மாட்டேங்குது. என்ன கருவி இது?”

“‘நிஜமாக’ன்னு சேக்கணும் சார்.”

“நிஜமாத்தான்யா சொல்றேன். விடு.”

“சார், ஒண்ணு சொல்லணும். இது போகலைன்னா, நேத்து நீங்க நீக்கினதும்...”

“நீக்கினது நீக்கினதுதான். உன் மச்சினனுக்கு வக்காலத்து வாங்காதே. விடுன்னா விடு.”

“போறதுக்கு முன்னாடி ஒத்திகை பாத்து அனுப்பட்டுமா? யார் யாருக்குப் போகும்னு தெரியும்.”

“என்னத்தையோ பண்ணு.”

பண்ணினேன். ‘7 விடு’ என்று தட்டினேன். திரை சொன்னது: ‘இக்கடிதம் 214 பேருக்குச் செல்லும். பெயர்கள் கீழே.’ பெயர்கள் அனைத்தும், பன்னிருவர் உட்பட. அதை அப்படியே நகலெடுத்துச் செயலாளருக்கு மின்னஞ்சல் செய்தேன். மேலே ஒரு வரியும் சேர்த்தேன்: ‘தயவுசெய்து பெயர்களைச் சரிபார்த்து உறுதி செய்யவும்.’ முதன்முறையாகச் சிவப்பு எழுத்தில்.

பதில் உடனே வந்தது. ‘சரி. விடு.’

இன்னும் ஒரு முறை சொல்லியிருக்கலாம். நேரில் போயிருக்கலாம், நடந்தே போகிற தூரம்தான். அந்த வரியை மச்சினன் படிக்காமல் செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது.

‘7 நிஜமாக விடு.’

ஒரே தட்டு, ஒரு பிழைகூட இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஏப்ரல் 4, வியாழன்

பட்டியல் கொதிக்கிறது. ஓய்வுபெற்ற கவனிப்பாளர்கள் இருநூறு பேரிடம் ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். மழைமானிக்கு நேர் மேலே ஏசிக் குழாய். நுனியில் ஒரு சொட்டு, விழுவதற்குத் தயாராக. ரேடார் பிரிவுக்காரர் சொட்டைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்.

முழங்கால் அறுவை சிகிச்சையை மறந்துவிட்டார். இப்போது அவருக்கு எழுத வேறு விஷயம் இருக்கிறது.

‘புயல்’ என்ற கையெழுத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த மௌனம்தான் பெரிய சிரிப்பு. காரணத்தை யாரோ போனில் சொல்லிவிட்டார்களாம் அவரிடம்.

மச்சினன் கடிதத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். வழக்கமான நேரத்தில் வந்தது. ‘எங்கள் வீட்டில் மழை பூஜ்யம். செயலாளர் வீட்டில் பலத்த மழை என்று அறிகிறேன். பேச ஆள் இல்லாதவன் என்பது உண்மை. எனவே நாளையும் எழுதுவேன்.’

மனைவி என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். போய் அவனுக்குப் போன் செய்தாள், வெகுநேரம் பேசினார்கள்.

ஏப்ரல் 5, வெள்ளி

செயலாளர் கேட்டார், “நீ தெரிஞ்சேதான் பண்ணினியா?”

“உங்களுக்கு அனுப்பினேன் சார். பெயர்களோட.”

“படிக்கலைய்யா. எங்க படிச்சிருக்கேன் நான்.”

அதற்குப் பிறகு அவர் போனை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. பிடிக்காத பலகாரத்தை ஜெயித்து வாங்கிவந்ததுபோல இருந்தது.

ஏப்ரல் 20, சனி

மச்சினன் ஜெயித்துவிட்டான். புயல் தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லை என்று கணக்கு சொல்கிறது.

ஏப்ரல் 22, திங்கள்

புதிய செயலாளர் நேரில் வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு.

“அத்தான், முதல் வேலையா அந்தப் புயலைத் தூக்கிடுங்க.”

“முடியாது.”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

“என்னது?” என்றான் மச்சினன்.

“முடியாதுப்பா. அவரும் தினமும் குடுவையைப் பாக்கறவர்தான்.”

“என்னைப் பத்தி என்ன எழுதினார்னு மறந்துட்டீங்களா?”

“மறக்கலை. அந்த லெட்டரை விட்டவனே நான். அவர் எழுதற எல்லாம் கொஞ்ச நாளைக்கு வரிசையில நின்னு என்னைத் தாண்டிப் போகட்டும். மனம்விட்டுப் பேசினா நிறுத்திக்கிறேன். ஆனா நீக்க மாட்டேன்.”

அவன் பிஸ்கட்டைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது, “அத்தானுக்கு உடம்புக்கு ஏதாவதா?” என்று அக்காவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

மனைவி உள்ளே வந்து, “ஏங்க, எங்கிட்ட ஒரு நாளாவது இப்படி முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா?” என்றாள்.

ஒத்திகை பார்த்ததுண்டு. பல தடவை.

ஏப்ரல் 26, வெள்ளி

மகள் போன் செய்தாள். கருவியில் ஒரு திருத்தம் செய்ததைச் சொன்னேன்.

“விடறதுக்கு மட்டும் இனிமே ஒத்திகை வேண்டாம்னு எடுத்துட்டேம்மா. சொன்னா உடனே போயிடும்.”

“நீக்கறதுக்கு?”

“அதுக்கு இருக்கட்டும்.”

“எச்சரிக்கை?”

“சிவப்பு.”

“திட்டற மாதிரி இருக்குமே அப்பா.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

ஏப்ரல் 30, செவ்வாய்

இரவு நல்ல காற்று, மழை இல்லை. காலையில் வரிசையில் ஒரே ஒரு கடிதம்.

‘மழைமானியை மொட்டைமாடிக்கு மாற்றிவிட்டேன். மழை: பூஜ்யம். காற்று: மிதம். இப்படிக்கு, புயல்.’

பெயரை அவர் எடுக்கவில்லை. இருமுறை படித்தேன்.

‘1 விடு’ என்று தட்டினேன். போய்விட்டது.